ஆயாம்மா இல்லாத பள்ளிக்கூடம்: பெற்றோர் காசு போட்டு ஆள் வைக்கலாமா?

சைதைக்கரை | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிச்சுட்டுச் சொல்லுங்க.

என் பொண்ணு அடையாத்தங்கரை ஓரமா இருக்கிற ஒரு கார்ப்பரேசன் தொடக்கப் பள்ளியில ரெண்டாவது படிக்கிறா. 118 பிள்ளைங்க, நாலு டீச்சர். அந்த நாலு பேர்ல ஒருத்தர்தான் எச்.எம்., அவங்களும் அஞ்சாவது வகுப்பை எடுக்கிறாங்க. நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினர்.

போன மே மாசம் எங்க ஆயாம்மா ஓய்வு பெற்றாங்க. மாலை போட்டோம், புடவை வச்சுக் கொடுத்தோம், பிள்ளைங்க காலைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. ஜூன்ல பள்ளி திறந்தப்போ அவங்க இடத்துக்கு ஆள் வரல. இப்போ பிப்ரவரி. இன்னும் வரல.

அவங்க இருந்தவரைக்கும் என்னென்ன வேலை பண்ணாங்கன்னு நாங்க யாரும் யோசிச்சதில்ல. ஏழரைக்கு கேட்டைத் திறப்பாங்க. காலை உணவு வண்டி வந்ததும் பாத்திரத்தை இறக்கி வைப்பாங்க. ஒண்ணாவது பிள்ளைங்களுக்குத் தட்டைக் கழுவிக் கையில கொடுப்பாங்க. முந்தானையில எப்பவும் ஒரு கொத்து ஊக்கு குத்தியிருக்கும். பொத்தான் பிஞ்ச சட்டையோட எந்தப் பிள்ளை வந்தாலும் மண்டி போட்டு உக்காந்து ஊக்கு மாட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாங்க. எச்.எம். ரூம் பீரோவுக்குப் பின்னாடி ஒரு மஞ்சப் பை வச்சிருந்தாங்க. வீடு வீடாக் கேட்டு வாங்கின பழைய டவுசர், ஜட்டி, எல்லாம் துவைச்சு மடிச்சது. உக்காந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடற பிள்ளையை மத்த பிள்ளைங்க பாக்கறதுக்குள்ள கூட்டிட்டுப் போய் மாத்திவிட்டுருவாங்க. அந்தப் பை இப்பவும் அங்கயேதான் கிடக்கு.

கழிப்பறை கழுவ ஏஜென்சி மூலமா ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றார், சில வாரம் ஒரு நாள்தான். ரெண்டு வாரமா என் பொண்ணு காலையில பால் வேணாம், தண்ணி வேணாம்னு அடம் பிடிச்சா. வாட்டர் பாட்டில் தளும்பத் தளும்ப அப்படியே திரும்பி வருது. மடியில உக்கார வச்சுக் கேட்டேன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும்மா. அங்க போக முடியல"ன்னா. ஏழு வயசுக் குழந்தை.

இப்போ பெற்றோர் வாட்ஸப் குழுவுல ஒரு யோசனை ஓடுது. வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டா ஒரு அம்மாவை மாசச் சம்பளத்துக்கு வச்சுடலாம்ங்கிறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். என் பொண்ணு நாளைக்கே தண்ணி குடிக்கணும், அது ஒரு பக்கம். ஆனா இதுல ஏதோ தப்பு இருக்குன்னும் மனசு சொல்லுது, என்னன்னு பிடிபடல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வடபழனி_டிப்போ | வெள்ளி, இரவு 10.05

இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நூறு ரூபாய் ஒரு பெரிய காசா? பிள்ளை தண்ணி குடிக்காம இருந்தா யூரின் இன்ஃபெக்சன் வரும். முதல்ல ஆளைப் போடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

சுண்ணக்கட்டி | சனி, காலை 6.20

அம்மா, நான் 31 ஆண்டு மாநகராட்சிப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது ஆண்டு தலைமையாசிரியர். வசூல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர். 150-க்கு மேல் போனால் தனியாக ஒரு தலைமையாசிரியர். உங்கள் பள்ளியில் 118 என்பதால் நான்கு பேர் சரியான கணக்கு. எச்.எம். பாடமும் எடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். அதே அட்டவணையில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், மதிய உணவு சமைக்க அடுப்படி, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவர் யார், அந்தச் சுவரில் உள்ள கேட்டைத் திறக்கிறவர் யார் என்று ஒரு வரி கிடையாது. ஆசிரியர் இடம் காலியென்றால் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். ஆயா இடம் காலியென்றால் காட்டுவதற்கு மாநகராட்சி அனுமதித்த பணியிடப் பட்டியல் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அடுத்தது பணம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று வரும். 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். அதாவது 5,000. மாதத்துக்கு 416 ரூபாய் சொச்சம். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், சோப்பு, இதற்கே பத்தாது. இந்த மானியம் வரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25-இல் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்த கதை உங்களுக்கே தெரியும். அந்தச் சமயத்தில் எத்தனை தலைமையாசிரியர்கள் சொந்தக் காசில் பிளீச்சிங் பவுடர் வாங்கினார்கள் என்பதை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

பெற்றோர் காசில் ஓர் ஆள் வந்துவிட்டால் வேலை நடந்துவிடும். வேலை நடந்துவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதே மேலே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நான் இதைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் நாங்களே ஆளுக்கு 300 போட்டு ஒருவரை வைத்தோம். நான் அங்கிருந்து மாறுதலில் போகும் வரை அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. "உங்க ஸ்கூல்லதான் ஆள் இருக்காங்களே" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

புளியமரத்தடி | சனி, காலை 9.15

ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எழுபதாயிரம் எண்பதாயிரம் சம்பளம். தங்கள் பிள்ளைங்களைத் தனியார் பள்ளியிலதான் படிக்க வைக்கிறாங்க. ஒருவேளை இவங்க பிள்ளையும் அதே கழிப்பறைக்குப் போகணும்னா நாளைக்கே சுத்தமாயிடும். ஜப்பான்ல பிள்ளைங்களே பள்ளியைச் சுத்தம் பண்றாங்க, கழிப்பறையும் சேர்த்து. நம்ம பிள்ளைங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்தா என்ன குறைஞ்சுடும்?

சுண்ணக்கட்டி | சனி, காலை 10.02

தம்பி, வகுப்பறையை முறை வைத்துப் பெருக்குவது, குப்பை பொறுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நானே செய்ய வைத்திருக்கிறேன். நானும் கூடப் பெருக்கியிருக்கிறேன். கழிப்பறைக்கு ஒரு பிள்ளையைக்கூட அனுப்பியதில்லை. ஜப்பானில் எல்லாப் பிள்ளைக்கும் முறை வரும். இங்கே எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி பார்த்துத் துடைப்பத்தைக் கையில் கொடுக்கிற ஊரில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. என்னுடன் ஐந்தாவது படித்த ஒரு பையனை தினமும் முதல் பீரியடுக்கு முன்னால் வாளியோடு அனுப்புவார்கள். அவன் ஆறாவதுக்கு வரவில்லை. 1969-இல் நடந்தது. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போவது இன்றும் கண்ணில் நிற்கிறது.

புளியமரத்தடி | சனி, காலை 10.30

அந்தக் கோணத்துல நான் யோசிக்கல ஐயா. கழிப்பறை விஷயத்துல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். சம்பள விஷயத்துல என் கருத்து அப்படியேதான் இருக்கு.

மூணாம்_வகுப்பு | சனி, மதியம் 2.48

சம்பளப் பேச்சு வந்ததால எழுதறேன். நான் இடைநிலை ஆசிரியை, 2004-ல வேலைக்கு வந்தேன். எனக்குச் சம்பளம் நல்லாத்தான் வருது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் பக்கத்து வகுப்பு டீச்சர் 2010-ல வந்தவங்க. அதே டி.டி.எட். படிப்பு, அதே வேலை. 2009 மே 31 வரைக்கும் வந்தவங்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370. ஜூன் 1 முதல் வந்தவங்களுக்கு 5,200. ஒரே ஒரு நாள் வித்தியாசம், 3,170 ரூபாய். அதுக்கு மேல படி எல்லாம் கணக்குப் போட்டா வருஷத்துக்கு வருஷம் இடைவெளி அதிகமாயிட்டே போகுது. டி.பி.ஐ.ங்கிற பள்ளிக் கல்வி இயக்குநரக வளாகத்துல அவங்க எத்தனை தடவை உக்காந்தாங்கன்னு நுங்கம்பாக்கம் பக்கம் போறவங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பர் உண்ணாவிரதத்துல என் தோழி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. குணமாகி வந்த மறுநாளே வகுப்புக்கு வந்து 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தாங்க.

எங்க பள்ளியிலும் ஆயாம்மா இல்ல, ஒன்றரை வருஷமா. ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்றேன். காலை 8 மணிக்குள்ள பள்ளிக்கு வந்துடணும், காலை உணவை மேற்பார்க்க. சென்னையில பொதுச் சமையற்கூடத்துல சமைச்சு வண்டியில வருது. திங்கள்னா உப்புமா, செவ்வாய்னா கிச்சடி, புதன்னா பொங்கல், கூட சாம்பார். நான் முதல்ல வாயில போட்டுப் பாத்துப் பதிவேட்டுல எழுதணும். போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும். அப்புறம் வருகைப் பதிவை எமிஸ்ங்கிற கல்வித் துறை இணையதளத்துல போடணும். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள ஒண்ணாவது பிள்ளை ஒண்ணு வாந்தி எடுக்கும். முன்னாடி ஆயாம்மா மண் போட்டு அள்ளுவாங்க. இப்போ நான் அள்ளறேன். அதைக் குறையாச் சொல்லல, என் பிள்ளைங்க வாந்திதானே. ஆனா நான் அள்ளிட்டுக் கை கழுவிட்டு வர்ற பத்து நிமிஷம், மூணு வகுப்புப் பிள்ளைங்க டீச்சர் இல்லாம உக்காந்திருப்பாங்க.

மூணு வகுப்புன்னு சொன்னேன் இல்லையா? 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் வந்ததுல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணாவது மூணும் என்கிட்ட ஒரே ரூம்ல. அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பாத்துப் பிரிச்சு உக்கார வைப்போம். முறை நல்ல முறைதான், நான் மனசாரச் சொல்றேன். ஒடிசாவுல இருந்து வந்த கட்டடத் தொழிலாளி பொண்ணு ஒண்ணு ஜூலையில சேர்ந்துச்சு. தமிழ் ஒரு சொல் தெரியாது. மூணாவது படிக்கிற வயசு, ஆனா அரும்புல உக்காந்து ஒண்ணாவது பிள்ளைங்களோட பாட்டுப் பாடிப் பாடிக் கத்துக்கிச்சு. தீபாவளிக்கு முன்னாடி "டீச்சர், மழ வருது, துணி எடுக்கணும், நான் வீட்டுக்குப் போவணும்"னு சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல உக்கார எனக்குக் கிடைக்கிற நேரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு நிமிஷம்.

போன நவம்பர் 4-ல இருந்து வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். நான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். கல்வி உரிமைச் சட்டத்தோட 27-வது பிரிவு ஆசிரியரைப் பள்ளி வேலை தவிர வேற எதுக்கும் அனுப்பக் கூடாதுங்குது, ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூணுக்கும் விலக்கு. அந்த மாசம் பூரா சாயங்காலம் நாலரைக்கு மேல ஃபாரத்தைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து படிக்கணும். ஏன்னா 2025 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துல டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல தேர்ச்சி பெறணும், இல்லைன்னா வேலை இல்ல. நான் வேலைக்கு வந்தப்போ அப்படி ஒரு தேர்வே கிடையாது. எனக்கு வயசு 48. பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணும் நானும் ஒரே மேசையில ராத்திரி பதினொண்ணு வரைக்கும் உக்கார்றோம். அவ என்னைக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறா.

புளியமரத்தடி சார், என் பையன் கார்ப்பரேசன் பள்ளியிலதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சான். எங்கள்ல பல பேர் அப்படி இல்ல, அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. ஆனா ஆயாம்மா இல்லாத குறை என் சம்பளத்தைக் குறைச்சாத் தீராது.

அடுப்படி | சனி, மாலை 5.31

எங்கம்மா சத்துணவு சமையல் உதவியாளர், தண்டையார்பேட்டை பக்கம். ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு மூணு பேர் இருக்கணும். அங்க சமையலர் இடம் காலி. ரெண்டு பேர் வேலையையும் அம்மாவே பாக்கறாங்க. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம் கணக்கு. 95 பிள்ளை சாப்பிட்டா ஒன்பதரைக் கிலோ அரிசி, 95 முட்டை. வாரத்துல அஞ்சு நாளும் முட்டை. அவிச்சு, ஆற வச்சு, உரிச்சு, மிளகு மசாலா போடணும். அம்மா கட்டை விரல் நகம் ஓரத்துல வெடிச்சு எப்பவும் மஞ்சள் ஏறியிருக்கும். ஓடு குத்திக் குத்தி.

மத்திய அரசு கணக்குல சமையல் செய்யறவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்கு பத்து மாசம். 2009-ல வச்சது, இன்னும் அதேதான். தமிழ்நாட்டுல சிறப்பு காலமுறை ஊதியம் கொடுக்கிறதால தலை நிமிர்ந்து நிக்கறோம், அதையும் சொல்லணும். ஆனா முறையான காலமுறை ஊதியம் கேட்டுப் போராடாத வருஷமே கிடையாது.

நான் சொல்ல வந்தது வேற. அங்கயும் ஆயா ஓய்வு பெற்ற பிறகு ஆள் வரல. ஒரு நாள் "கொஞ்ச நாளைக்கு நீங்களே பாத்ரூமையும் பாத்துக்கங்க"ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. அம்மா முடியாதுன்னுட்டாங்க. "சோறாக்குற கை சார் இது. புள்ளைங்க துன்ற சோறு. அதைக் கழுவிட்டு வந்து இதைத் தொட மாட்டேன்"னு நேராச் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் யாரும் அம்மாகிட்ட முகம் கொடுத்துப் பேசல. எனக்கு எங்கம்மாவை நெனச்சாப் பெருமையா இருக்கு. ஆனா யார் மேலயும் கோவப்பட முடியல. சொன்னவரும் நாலு பேர் வேலையைத் தலையில போட்டுக்கிட்டுத் தவிக்கிறவர்தான்.

சைதைக்கரை அக்கா, உங்க பள்ளியிலயும் இப்படி யார் தலையிலயாவது அந்த வேலை விழுந்திருக்கும். விசாரிங்க.

சைதைக்கரை | சனி, இரவு 8.17

விசாரிச்சேன் தம்பி. எங்க எச்.எம். சனிக்கிழமை சனிக்கிழமை அவங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து, ரெண்டு பேருமாக் கழுவிட்டுப் போயிருக்காங்க. அஞ்சு மாசமா. பக்கத்துல இஸ்திரி வண்டி வச்சிருக்கிற அண்ணன்தான் சொன்னார். எங்க யாருகிட்டயும் அவங்க வாய் திறக்கல. எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல.

ஆயிரம்விளக்கு | ஞாயிறு, காலை 7.50

எங்க பேட்டைக் கதை ஒண்ணு இதுல பொருந்தும். 1920 செப்டம்பர்ல, சர் பிட்டி தியாகராயர் தலைமையில இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டுச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. அப்புறம் இன்னும் சில பள்ளிக்கும் விரிச்சாங்க. ஆனா 1925-ல வெள்ளைக்கார அரசு, தொடக்கக் கல்வி நிதியில இருந்து சாப்பாட்டுக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. 1927-லதான் மறுபடி வந்துச்சு.

அன்னைக்கு அவங்க சொன்னது, கல்வி நிதி கல்விக்கு மட்டும், சோறு கல்வியில சேராதுன்னு. அப்புறம் 1956-ல காமராஜர் மதிய உணவு, 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர்ல காலை உணவுன்னு வந்து, இன்னைக்கு சோறு கல்வியில சேராதுன்னு சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல. ஆயாவோட கையும் கல்வியில சேர்த்தின்னு ஒத்துக்கற நாள் இன்னும் வரல. அதை வர வைக்கிறது தீர்மானத்தாலதான் ஆகும். வசூல் பண்ணா, அது கல்வியில சேராத செலவுன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

வடபழனி_டிப்போ | ஞாயிறு, காலை 8.30

எல்லாம் சரி. ஆனா அந்தக் குழந்தை இன்னைக்குத் தண்ணி குடிக்குமா? 1920-ல இருந்து 1982 வரைக்கும் காத்துட்டு இருக்க முடியுமாங்க? கொள்கை பேசறவங்க யாரும் இதுக்குப் பதில் சொல்லல.

கல்மண்டபம் | ஞாயிறு, இரவு 11.12

இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு இப்போ எழுதறேன்.

பெற்றோரும் டீச்சருங்களும் காசு போட்டு வச்ச ஆயா எங்கம்மா. வடசென்னையில ஒரு தொடக்கப் பள்ளி, எந்தப் பள்ளின்னு சொல்லல. பதினோரு வருஷம். ஆரம்பத்துல மாசம் 1,500. கடைசியா 4,000. அந்தக் காசும் ஒரே நாள்ல வராது. ஒருத்தர் அஞ்சாம் தேதி கொடுப்பார், ஒருத்தர் பதினஞ்சு, சிலர் அந்த மாசம் மறந்துடுவாங்க. கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அம்மா கேக்க மாட்டாங்க. ஏப்ரல், மே லீவுல காசு கிடையாது.

அம்மா தங்கமானவங்க, அந்தப் பள்ளிக்கூடமே உயிர்னு கிடந்தாங்க. காலையில உள்ளே வர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் "இன்னா கண்ணு, முகம் வாடிக்கிது, துன்னியா?"ன்னு கேப்பாங்க. எந்தப் பிள்ளைக்கு வீட்டுல அப்பா குடிச்சுட்டு அடிக்கிறார், எந்தப் பிள்ளைக்கு காது சரியாக் கேக்கல, எல்லாம் டீச்சருக்கு முன்னாடி அம்மாவுக்குத் தெரியும். ஒரு பையனுக்குக் காது கேக்கலன்னு கண்டுபிடிச்சதே அம்மாதான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு கவனிச்சுச் சொன்னாங்க. டீச்சர் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மிஷின் வாங்கிக் கொடுத்தாங்க.

அப்புறம் அந்தப் பள்ளிக்கு நிர்வாகத்துல ஆள் மாறினாங்க. "வெளியாள் உள்ளே இருந்தா பிரச்சினை ஆகும், அடுத்த மாசத்துல இருந்து வர வேணாம்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சட்டப்படி தப்பும் இல்ல. பதினோரு வருஷம் வேலை செஞ்சவங்க வெளியாள்தான். ஏன்னா எந்தப் பதிவேட்டுலயும் அம்மா பேர் இல்ல. பி.எஃப். இல்ல. இ.எஸ்.ஐ. இல்ல. வேலை பார்த்தாங்கன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. மழைநீர்ல வழுக்கி விழுந்து இடுப்புல அடிபட்டது அந்தப் பள்ளி வராந்தாவுலதான். செலவு நாங்களே பாத்தோம்.

இப்பவும் அம்மா வீட்டுல காலையில ஏழு மணிக்கு எழுந்து குளிச்சுப் புடவை கட்டிக்கிட்டு உக்காந்துடுவாங்க.

சைதைக்கரை அக்கா, உங்களுக்கு ஏதோ தப்புன்னு தோணுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அந்தத் தப்பு இதுதான்னு நான் நெனைக்கிறேன். நீங்க நல்ல மனசோடதான் வைப்பீங்க. எங்கம்மாவை வச்சவங்களும் நல்ல மனசுக்காரங்கதான்.

வடபழனி_டிப்போ | திங்கள், காலை 7.04

நேத்து ராத்திரியே படிச்சேன். பதில் எழுத வரல. உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. என் கருத்தை மாத்திக்கறேன்.

பெரும்பாக்கம்_எட்டாவது_மாடி | திங்கள், காலை 10.20

எங்க பக்கம் நடந்ததைச் சொல்றேன், உபயோகப்படலாம். வாயால கேட்டா ஒண்ணும் நகராது. மேலாண்மைக் குழுவுல தீர்மானமா எழுதி, வந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு, அதைப் பெற்றோர் செயலியிலயும் ஏத்தணும். குழுவுல உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினர்ங்கிறதை மறக்காதீங்க, அவங்களைக் கூட்டத்துக்கு வர வைங்க. தீர்மானத்துல "தூய்மை இல்லை"ன்னு பொதுவா எழுதாதீங்க. எந்தத் தேதியில பணியிடம் காலியாச்சு, எத்தனை பிள்ளை, எத்தனை கழிப்பறை, கடந்த மாசம் எந்தெந்தத் தேதியில ஏஜென்சி ஆள் வந்தார், எந்தெந்தத் தேதியில வரல. இதை மட்டும் எழுதுங்க. நாங்க மூணு மாசம் வரிசையா அதே தீர்மானத்தைப் போட்டோம். மூணாவது மாசம் பதில் வந்துச்சு.

அதுவரைக்கும் தினமும் கழுவ மண்டல அலுவலகத்துல இருந்து ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. தெருவைச் சுத்தம் பண்ற அதே மாநகராட்சிதானே பள்ளியும் நடத்துது.

மூணாம்_வகுப்பு | திங்கள், இரவு 9.55

கல்மண்டபம், உங்க அம்மா கதையை எங்க பள்ளியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நாங்களும் வசூல் பண்ணி ஆள் வைக்கலாம்னுதான் பேசிட்டு இருந்தோம்.

சைதைக்கரை | சனி, காலை 11.30

கூட்டம் நேத்து நடந்துச்சு. பதினேழு பேர் வந்தாங்க, கவுன்சிலரும் வந்தாங்க. ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு. ரெண்டு அப்பாக்கள் "பேசிப் பேசி என் பிள்ளைக்கு நோவு வர வைக்கப் போறீங்க"ன்னு கோவிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. அவங்க கோவம் நியாயம்தான், நாளைக்குப் போய்ப் பாத்துப் பேசறேன்.

சம்பளத்துக்கு வசூல் கிடையாதுன்னு முடிவாச்சு. ஆயா பணியிடம் போன மே 31-ல இருந்து காலின்னு தேதியோட தீர்மானம் எழுதிட்டோம். ஏஜென்சி ஆள் வந்த நாள், வராத நாள் கணக்கை இஸ்திரி அண்ணன்தான் கொடுத்தார். அவர் எங்களை மாதிரி இல்லாம தினமும் அங்க நிக்கறவர். ஜனவரியில ஆறு நாள்தான் வந்திருக்கார். கவுன்சிலர் அங்க இருந்தே மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டாங்க. திங்கள்ல இருந்து தினமும் காலை ஏழரைக்கு ஒரு தூய்மைப் பணியாளர் வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க. கேட் திறக்கவும், காலை உணவு நேரத்துல சின்னப் பிள்ளைங்களைப் பாக்கவும் பெற்றோர் அஞ்சு பேர் முறை போட்டிருக்கோம். ஆயா வர்ற வரைக்கும் மட்டும்னு தீர்மானத்துலயே எழுதிட்டோம், இல்லைன்னா அதுவே பழக்கமாயிடும்.

எச்.எம். கிட்ட இனிமே சனிக்கிழமை கழுவ வேணாம்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாங்க, கேட்டுட்டு அழுதுட்டாங்க. "என் ஸ்கூல்ல ஒரு பொண்ணு தண்ணி குடிக்காம இருந்துச்சுன்னு கேள்விப்பட்டா நான் என்ன டீச்சர்"னு சொன்னாங்க. அது என் பொண்ணுன்னு நான் அவங்ககிட்டச் சொல்லல.

மஞ்சப் பையை நான் எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் மறுபடி துவைச்சு வச்சிருக்கேன்.

சுண்ணக்கட்டி | சனி, மதியம் 12.15

நல்லது அம்மா. தீர்மானத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத நகல் காகிதம் மட்டும்தான். மார்ச்சில் அதே தீர்மானத்தை மறுபடியும் போடுங்கள்.

கல்மண்டபம் | சனி, மதியம் 1.40

அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். திங்கட்கிழமை வரப்போற அந்தம்மா பேரைப் பள்ளியில எங்கயாவது எழுதுவாங்களா? வந்த நேரம், போன நேரம், கையெழுத்து? தீர்மானத்துல அப்படி ஒரு வரி இருக்கா?

சைதைக்கரை | சனி, மதியம் 2.05

இல்லம்மா. விட்டுட்டோம். இப்பவே எச்.எம். கிட்டப் பேசறேன்.

சைதைக்கரை | திங்கள், காலை 9.10

சேர்த்தாச்சு. தனி நோட்டு ஒண்ணு போட்டு எச்.எம். மேசை மேலயே வச்சிருக்காங்க. வந்தவங்க பேரும் நேரமும் முதல் பக்கத்துல இருக்கு. அவங்க கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு கைநாட்டு வச்சாங்க, ரெண்டாவது டீச்சர் இன்னைக்கு மத்தியானத்துல இருந்து அவங்களுக்குப் பேரெழுதச் சொல்லித் தர்றதாச் சொல்லியிருக்காங்க.

பொண்ணு பாட்டிலை இன்னைக்குச் சாயங்காலம் பாத்துட்டு எழுதறேன்.